ஒரே வாசகம், இரு வழுக்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பரீட்சை மண்டபத்தில், ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடைய மாணவர் இருவர் அமர்ந்திருத்தல் வியப்பன்று. பெயரை மட்டும் நோக்கிப் புள்ளி வழங்கினால், ஒருவருடைய உழைப்பு மற்றவரைச் சேர்ந்துவிடும். அதனாலேயே பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சுட்டெண் வழங்குகின்றது. பெயர் ஒன்றாயிருத்தல் வேறு. ஆள் ஒன்றாயிருத்தல் வேறு.

இவ்வேறுபாடு கணினி மொழிகளிலும் உண்டு. றொபேட் கிறீசமர், ரொப் பைக், கென் தொம்சன் ஆகிய மூவர் கூகிள் நிறுவனத்தில் வகுக்கத் தொடங்கி, 2009ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியிடப்பட்ட 'கோ' என்னும் மொழியைச் சான்றாகக் கொள்ளலாம். அம்மொழியில் ஒரு வேலை நிறைவேறாதபோது, நேர்ந்தது யாதென அறிவிக்கும் 'வழு' ஒன்று திரும்பி வருகின்றது. 'எரர்ஸ்.நியூ' என்னும் கட்டளையால் ஒரே வாசகமுள்ள வழுக்கள் இரண்டை ஆக்கி, அவை சமமோ என வினவினால், 'அல்ல' என்பதே விடை. அங்கே ஒப்பிடப்படுவது வாசகமன்று. நினைவகத்தில் ஒவ்வொன்றும் பெற்றுள்ள இடமாகும். அவ்விடமே வழுவின் சுட்டெண்.

இதனால் விளையும் பயன் யாது? மாணவர் பட்டியல் ஒன்றைக் கணினி வாசிப்பதாகக் கொள்வோம். கோப்பின் முடிவை அடைந்ததும் 'ஈஓஎஃப்' என்னும் வழு வரும். அது குற்றமன்று, வாசிப்பு நிறைவுற்றது என்னும் அறிவிப்பேயாம். வரவேண்டிய அளவு வந்து சேருமுன் தரவு இடையில் அறுந்தால், வருவது வேறொரு வழு. அதன் வாசகம் 'எதிர்பாராத ஈஓஎஃப்' எனப் பொருள்படும். இரண்டிலும் 'ஈஓஎஃப்' என்ற சொல் உண்டு. அச்சொல்லை மட்டும் தேடும் செய்நிரல், பாதியில் அறுந்த பட்டியலையும் முழுமையென ஏற்கும். எஞ்சிய மாணவரின் பெயர்கள் ஓசையின்றி மறைந்துபோகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்டுசுட்டானிலுள்ள பாடசாலையொன்றின் கடிதம் வலயக் கல்வி அலுவலகம், மாகாணக் கல்வித் திணைக்களம் என மேற்செல்லுகையில், ஒவ்வோரிடத்திலும் ஒரு முகப்புக் கடிதம் சேரும். மேலுள்ள தாளை மட்டும் காண்பவர் மூலக் கடிதத்தைக் காணார். செய்நிரலின் பகுதிகளும் இவ்வாறே வழுவுக்கு விளக்கம் சேர்த்து உறையிட்டு அனுப்புவதுண்டு. நேரடி ஒப்பீடு மேலுறையை மட்டுமே நோக்கும். 2019இல் வெளிவந்த 1.13ஆம் பதிப்பு இதற்கென 'எரர்ஸ்.இஸ்' என்னும் கட்டளையைத் தந்தது. அஃது உறைகளை ஒவ்வொன்றாக நீக்கி, தேடப்படும் வழு உள்ளே உண்டோ எனப் பார்க்கின்றது.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அங்குப் பயிலும் இளைஞர் எழுதும் செய்நிரல்கள், நாளை நோயாளர் பதிவேட்டையோ மாணவர் பட்டியலையோ வாசிக்கக்கூடும். பட்டியல் முடிந்ததா, அறுந்ததா என்பதை வாசகத்தைக் கொண்டன்றி, வழுவையே இனங்கண்டு துணிதல் வேண்டும்.