யாரை வைத்து அளந்தார்கள்?

'பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் தேவை' என்ற அறிவிப்பு கண்ணில் படாமல் ஓசூரைக் கடப்பது கடினம். அதைப் பார்த்துப் போகிறவர்களுக்குப் பல கம்பெனிகளில் முதலில் கிடைப்பது ஒரு வினாத்தாள், அல்லது ஒரு கணினித் திரை. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வடிவப் புதிர்கள். சில இடங்களில், 'நெருக்கடியிலும் நான் பதற மாட்டேன்' என்பது போன்ற வாக்கியங்களுக்கு ஆம், ஓரளவு, இல்லை என்று குறிக்க வேண்டிய பகுதி. எல்லாம் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் அடுத்த சில வருட வரவு செலவை அந்தச் சிறிது நேரம் தீர்மானித்துவிடலாம்.

இந்தக் கேள்விகளை யார் எழுதினார்கள்? முதலில் எந்த ஊர் ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள்? எழுபது மதிப்பெண் என்றால் யாரோடு ஒப்பிட்டு எழுபது? இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தவர்களை உருவாக்கும் படிப்புக்குத் தனியாள் வேறுபாட்டு உளவியல் என்று பெயர். பி.எட். படித்தவர்களுக்குப் பழக்கமான தலைப்பு. நுண்ணறிவு, நாட்டம், ஆளுமை, கைத்திறன் ஆகியவற்றில் மனிதர்கள் எப்படி, எவ்வளவு, ஏன் வேறுபடுகிறார்கள் என்று அளந்து ஆராய்கிற துறை. அதில் முனைவர் பட்டம் வரை போகிற ஒருவருக்கு எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி பெற்றவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழிற்பகுதிக்கு ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

இந்தத் துறையின் இந்தியத் தொடக்கங்களில் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. பள்ளி மாணவர்களின் பாட மதிப்பெண்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கவனித்து, அவற்றுக்குப் பின்னால் ஒரு பொதுத்திறன் இருக்க வேண்டும் என்று 1904-ல் கட்டுரை எழுதியவர் சார்ல்ஸ் ஸ்பியர்மன். அதற்கு முன் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். லண்டனில் அவரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய எம்.வி. கோபாலசுவாமி, 1924-ல் மைசூரில் உளவியல் துறையைத் தொடங்கினார். கை வேலையைக் கற்றுக்கொள்வதில் நுண்ணறிவுக்கு என்ன பங்கு என்பது அவர் ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று. 1930களில் வி.வி. காமத், பிரான்சில் பிறந்த பினே நுண்ணறிவுச் சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். பினே-காமத் சோதனை இன்றும் இந்திய மருத்துவமனைகளில் புழங்குகிறது. பெங்களூரில் மனநல ஆய்வுக்குப் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் இருக்கும் சாலைக்கே ஓசூர் சாலை என்றுதான் பெயர். அங்கிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர்.

பயிற்சியின் முதல் பாடம் கணக்கு. உளவியலுக்கு வரும் பலர் மனிதர்களோடு பேசலாம் என்ற ஆசையில் வருகிறார்கள். புள்ளியியலைக் கண்டதும் தயங்குகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு தெரியாதவர் கையில் சோதனைத் தாள் இருப்பது ஆபத்து. ஒரு சோதனையின் சராசரி 100, மதிப்பெண்கள் சிதறும் அளவான திட்ட விலக்கம் 15, மீண்டும் அளந்தாலும் முடிவு எவ்வளவு நிலைக்கும் என்பதைக் காட்டும் நம்பகக் கெழு 0.90 என்று வைத்துக்கொள்வோம். தரமான சோதனைதான். அப்போதும் அதன் அளவீட்டுப் பிழை ஏறக்குறைய 4.7 புள்ளிகள். ஒருவர் 100 எடுத்தால், அவருடைய உண்மையான மதிப்பு 91-க்கும் 109-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 100-ஐ வெட்டுப்புள்ளியாக வைத்து, 98 எடுத்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு 102 எடுத்தவரைச் சேர்த்துக்கொண்டால், அந்த முடிவுக்கு அறிவியலில் இடமில்லை. இருவருக்கும் இடையில் வேறுபாடு இருக்கிறதா என்பதையே அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

அடுத்தது ஏற்புடைமை. சோதனையில் நன்றாகச் செய்தவர் வேலையிலும் நன்றாகச் செய்வாரா? அமெரிக்காவில் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொதுத்திறன் சோதனைக்கும் வேலைத் திறமைக்கும் உள்ள தொடர்பு 0.51 என்றது அது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அந்த எண் ஏறியது. சோதனை விற்கிற நிறுவனங்களுக்கும் அது வசதியாக அமைந்தது. 2022-ல் பால் சாக்கெட்டும் அவருடைய கூட்டாளிகளும் அந்தக் கணக்கைத் திரும்ப எடுத்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் மட்டுமே வேலையில் இருப்பதால், அவர்களிடையே மதிப்பெண் வித்தியாசம் குறுகியிருக்கும். தொடர்பும் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்ட ஆய்வாளர்கள் ஒரு திருத்தம் செய்வது வழக்கம். அந்தத் திருத்தம் பல இடங்களில் அளவுக்கு மீறிப் போயிருந்ததை அவர்கள் காட்டினார்கள். புதிய மதிப்பு 0.31. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்டு மதிப்பிடும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்து, அது முதலிடத்துக்கு வந்தது. 0.31-ஐ அதே எண்ணால் பெருக்கினால் சுமார் 0.10. வேலைத் திறமையில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் அந்தச் சோதனை விளக்குகிறது என்று பொருள்.

இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு துறை முழுவதும் நம்பிய எண்ணை, அதே துறையில் பயின்றவர்களே திருத்தினார்கள். ஆய்வு மாணவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த வரலாற்றைத்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரால் இதைச் செய்திருக்க முடியாது. எந்த அனுமானத்தின் மேல் சூத்திரம் நிற்கிறது என்று கேட்கப் பழகியவரால்தான் முடியும்.

நம் மண்ணிலேயே நடந்த இன்னொரு ஆய்வு இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வியைத் தொடுகிறது. கிருஷ்ணகிரிக்கு அடுத்த மாவட்டமான திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் அது வெளியானது. கரும்புக்காரருக்குப் பணம் வெட்டுக்குப் பிறகுதான் கைக்கு வரும். அதற்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக் கடைக்குப் போகும், கடன் ஏறும். அதே விவசாயியை வெட்டுக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை சோதித்தார்கள். எழுத்து தெரியாதவரும் செய்யக்கூடிய வடிவப் புதிர்களையும் எண் சோதனையையும் வைத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் தெளிவாக மேம்பட்ட மதிப்பெண் எடுத்தார். பிள்ளையின் படிப்புக் கட்டணம், வட்டி, மருந்துச் செலவு என்று மனம் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிருக்கு இடம் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வேலை தேடி வரும் இளைஞர் எந்த மாதத்தில் சோதனை எழுதுகிறார் என்பதே அவருடைய மதிப்பெண்ணை மாற்றலாம் என்றால், நாம் அளந்தது அவரையா, அவர் வீட்டுக் கடனையா? ஆட்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும், ஒரே ஆளுக்குள் காலத்துக்குக் காலம் வரும் வேறுபாட்டையும் பிரித்துப் பார்ப்பது இந்தத் துறையின் மிகக் கடினமான வேலை. மாணவர் இதன் மறுபக்கத்தையும் படித்தாக வேண்டும்: அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. இரண்டையும் மேசையில் வைத்து, எங்கே முறை மாறியது, எங்கே வாழ்க்கை மாறியது என்று மாதக்கணக்கில் வாதிடுவதுதான் பயிற்சி.

ஓசூர்ப் பகுதிக்கு வந்தால் சிக்கல் பல மடங்காகிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கம்பெனியில் ஆங்கிலப் பலகைகளைப் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். கிருஷ்ணகிரியில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. இப்போது வடமாநிலத் தொழிலாளர்களும் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் பெண்களும் விடுதிகளில் தங்கி ஷிப்டுக்குப் போகிறார்கள். ஒரே சோதனைத் தாள் இவர்கள் எல்லோரிடமும் ஒரே பண்பை அளக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? அதற்குப் புள்ளியியலில் வழி உண்டு. திறன் சமமாக உள்ள இரு மொழிக் குழுக்களில், குறிப்பிட்ட ஒரு கேள்வி மட்டும் ஒரு குழுவுக்குக் கடினமாகிறதா என்று கேள்வி கேள்வியாகச் சோதிக்கலாம். ஆனால் அதைச் செய்ய நூற்றுக்கணக்கான ஆட்களும் பொறுமையும் வேண்டும். மொழிபெயர்த்தாயிற்று, முடிந்தது என்று நிறுத்திவிடக் கூடாது.

ஆளுமைச் சோதனைகளில் நிலைமை இன்னும் மோசம். ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரித்து அளக்கும் முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. ரஷீத் லாஜஜ் தலைமையிலான குழு, குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 23 நாடுகளில் 94,000-க்கும் மேற்பட்டோரிடம் நேரில் கேட்டுத் திரட்டிய விடைகளை 2019-ல் அலசியது. வழக்கமான கேள்விகள் அங்கே அந்த ஐந்து பண்புகளையும் சரியாகப் பிரித்துக் காட்டவில்லை. கேட்பவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எதற்கும் 'ஆமாம்' சொல்லிவிடும் போக்கு ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் பெரிய கம்பெனியின் எச்.ஆர். அறையில் முதன்முதலாக உட்காரும் பதினெட்டு வயதுப் பெண் எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லத் துணிவாள்? அவளுடைய பணிவை மனஉறுதி என்றோ பொறுப்புணர்வு என்றோ எண்ணாக மாற்றி எழுதிக்கொண்டால், அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இதற்கு நேர்மாறாக, கைத்திறனை நேரடியாகவே பார்த்துவிடலாம். ஜான்சன் ஓகானர் 1920களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக உருவாக்கிய விரல்திறன் பலகையில் 100 துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று ஊசிகளைச் செருக வேண்டும். நுண்ணிய பாகங்களைக் கோர்க்கும் வேலைக்கு இப்படிப்பட்ட செய்முறைச் சோதனை, மொழி குறுக்கிடாமல் நேரடியாகப் பொருந்தும். ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை 1980களில் தொடங்கியபோது, சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளை முடித்த, தொழிற்சாலையே பார்த்திராத இளைஞர்களையும், செவித்திறன் குறைந்தவர்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. அந்தக் கைகள்தான் இந்தியாவின் மிகப் பெரிய கடிகார நிறுவனத்தை நிலைநிறுத்தின. முன்கூட்டி அளந்து ஒதுக்குவதைவிடக் கற்றுக்கொடுத்துப் பார்ப்பது பல வேலைகளில் மேல் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

அளப்பது என்றால் தொழிலாளியை மட்டுமே அளப்பது என்ற பழக்கமும் மாற வேண்டும். பெரிய இந்திய ஆடை நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டு அன்றாட உற்பத்திக் கணக்கை வைத்து, அச்யுதா அத்வர்யு, அனந்த் நிஷாதம், ஹோர்ஹே தமாயோ மூவரும் லைன் சூப்பர்வைசர்களை ஆராய்ந்தார்கள். தங்கள் ஆட்கள் மீது கவனம் வைக்கும் சூப்பர்வைசர்களின் லைன்கள் வேகமாகக் கற்றுக்கொண்டன. அந்தக் குணத்துக்கு ஏற்ற சம்பளம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அருமையான தனியாள் வேறுபாட்டு ஆய்வு. செய்தவர்கள் பொருளியலாளர்கள். நம் உளவியல் துறைகள் இந்தக் களத்துக்குள் இறங்காமல், கல்லூரி மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து ஆய்வேடு முடிக்கும் வழக்கத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது எனக்கு வருத்தம்.

அறநெறிப் பயிற்சியை ஒரு வகுப்பில் முடித்துவிட முடியாது. இந்தத் துறையின் முன்னோடியான ஃபிரான்சிஸ் கால்டன் 1884-ல் லண்டன் கண்காட்சியில் மூன்று பென்னி வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோரை அளந்தார். மனிதரில் உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த சமூகத்தில் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் கையில் சோதனைப் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. தொழிற்சாலைக்குள் நடக்கும் ஆய்வில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் போதாது. சூப்பர்வைசர் அனுப்பி வந்த பெண், மாட்டேன் என்று சொல்ல உண்மையில் வழி இருக்கிறதா? அவளுடைய விடைகள் கம்பெனிக்குப் போகாது என்ற உறுதியை யார் தருவது? மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைகள் 2017-ல் திருத்தி வெளியிடப்பட்டன. அவற்றை ஓசூர் ஷிப்டு நேரத்துக்குள் கொண்டுவருவது ஆய்வாளரின் பொறுப்பு.

இவ்வளவு பயிற்சிக்கும் விதிமுறை தரும் காலம் என்ன? 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. பாடப்பயிற்சி குறைந்தது 12 கிரெடிட். அதே ஒழுங்குமுறை எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்டது. சிறிய ஆய்வு ஒன்றில் தவறு செய்து திருந்தும் ஓர் ஆண்டாக எம்.ஃபில். பலருக்கு இருந்தது. அந்த ஒத்திகை போய்விட்டதால், 12 கிரெடிட்டுக்குள் அளவீட்டியலை ஆழமாகச் சொல்லிக்கொடுப்பது இப்போது கட்டாயமாகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. அங்கே உளவியல் துறை இருக்கிறது. ஆனால் ஓசூரிலிருந்து சேலம் 150 கிலோமீட்டருக்கும் மேல். ஷிப்டு முடிந்த தொழிலாளியைச் சந்திக்க அங்கிருந்து வர முடியாது. பல்கலைக்கழகம் ஓசூரில் ஓர் ஆய்வு மையம் திறக்க வேண்டும். தமிழோடு தெலுங்கோ கன்னடமோ உருதுவோ தெரிந்த உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு அதில் உதவித்தொகையோடு இடம் தர வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை நிறுவனங்கள் பெயர் நீக்கிய தேர்வு, பணித்திறன் தரவுகளை அந்த மையத்துக்குக் கொடுக்க முன்வர வேண்டும். அதுவரைக்கும், தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கம்பெனியிடம் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: இந்தச் சோதனையை எங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் சரிபார்த்தீர்களா? அதற்கு எழுத்தில் விடை தர முடியாத சோதனையின் மதிப்பெண்ணை வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.