குற்றவியல் பட்டம்: போட்ட முதல் திரும்புமா?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நம் உறுப்பினர்கள் வீடுகளில் எழும் கேள்விகளில் ஒன்று, "கிரிமினாலஜி படித்தால் போலீஸ் அதிகாரி ஆகலாமாமே, சேர்த்துவிடலாமா?" என்பது. மிளகாய் மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்த்த பிறகே விலை பேசுகிற நாம், பிள்ளைகள் படிப்புக்கு மட்டும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடுகிறோம். இந்தப் படிப்பின் வரவு செலவை நம் பேரேட்டு முறையிலேயே போட்டுப் பார்ப்போம்.

முதலில் சரக்கு என்ன? குற்றம் ஏன் நிகழ்கிறது, காவல் துறை, நீதிமன்றம், சிறை ஆகியவை எப்படி இயங்குகின்றன என்பதைக் கற்றுத்தரும் படிப்பு இது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறைகள் உள்ளன. தனியார் கல்லூரிகளும் மூன்றாண்டுப் பட்டமாக நடத்துகின்றன. நல்ல படிப்புதான். நாம் பார்க்க வேண்டியது விலை கட்டுமா என்பதே.

இனிக் கொள்முதல் விலை. வெளியூர்த் தனியார் கல்லூரியில் ஆண்டுக்குக் கட்டணம் 60,000, விடுதி 80,000, புத்தகம், பயணம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு ரூ. 4,50,000. வீட்டிலிருந்தே உள்ளூர் அரசுக் கல்லூரிக்குப் போய் ஏதாவது ஒரு பட்டம் படித்தால், ஆண்டுக்கு 20,000 என்றாலும் மொத்தம் ரூ. 60,000தான். வித்தியாசம் ரூ. 3,90,000. சிறு மளிகைக் கடைக்குச் சரக்கு நிரப்பும் தொகை இது.

இந்த அதிகப்படித் தொகைக்கு என்ன கிடைக்கிறது? தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். தமிழ் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். 2023 அறிவிப்பின்படி சம்பள விகிதம் ரூ. 36,900 முதல் 1,16,600 வரை. வயது உச்சவரம்பு பொதுப் பிரிவுக்கு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு 32. பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. வேண்டும். எழுத்துத் தேர்வில் பொது அறிவும், கணக்கும், தர்க்கமும் கேட்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்குக் கணக்கு புதிதல்ல. இரண்டாம் நிலைக் காவலருக்கோ பத்தாம் வகுப்பே போதும்.

வழக்கறிஞர் ஆகலாமே என்பார்கள். அதற்குச் சட்டப் பட்டம்தான் வேண்டும். குற்றவியல் பட்டத்தை வைத்து நீதிமன்றத்தில் வாதாட முடியாது. பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டு, அல்லது பட்டம் முடித்து மூன்றாண்டு சட்டம் படிக்க வேண்டும். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆக, இதுவும் காத்திருந்து பலன் காணும் தொழில்தான்.

தடய அறிவியல் வேறு வகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. எனவே ஆள் தேவை கூடும். ஆனால் ரத்தத்தையும் விஷத்தையும் சோதிப்பவருக்கு வேதியியலும் உயிரியலும் அடித்தளம். அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளை அந்தப் பாடங்களில் பட்டம் பெற்று, பிறகு தடய அறிவியலுக்குப் போவது பாதுகாப்பான வழி.

கடன் வாங்குவோர் கவனிக்க: வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானமும் இல்லை, கைமுதலும் இல்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். வட்டி மட்டும் தூங்குவதில்லை. 4 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 40,000. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் யார்தான் இதைப் படிக்கலாம்? பாடத்தின் மேல் உண்மையான ஆர்வமுள்ளவர், மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போக நினைப்பவர், குறைந்த செலவில் இடம் கிடைத்தவர் தாராளமாகப் படிக்கலாம். காவல் துறை வேலை ஒன்றையே குறியாகக் கொண்டவர், மலிவான பட்டத்தை உள்ளூரில் படித்து, மிச்சப் பணத்தில் ஒரு பகுதியைத் தேர்வுப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் செலவிடுவதே லாபம்.

சேர்க்கும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். பட்டம் தரும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? சென்ற ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? பிள்ளையின் உயரமும் கண்பார்வையும் காவல் பணிக்கு ஒத்துவருமா? "வேலை நிச்சயம்" என்று சொல்லும் தரகரிடம் அதை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார். நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் இது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் முன் ஆளை விசாரிப்பதுபோல், இங்கும் விசாரித்துவிட்டே ரசீது வாங்குவோம்.