வீட்டு விதை தூய விதையா?

மாணவர்களே, வீட்டில் ஒரு தொட்டியில் மிளகாய், பக்கத்துத் தொட்டியில் குடைமிளகாய் வளர்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே இனத் தாவரங்கள். மிளகாய்ப் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுபோய்க் குடைமிளகாய்ப் பூவில் சேர்த்துவிட்டால், அந்தக் குடைமிளகாய் காரமாகிவிடுமா?

ஆகாது. பழத்தின் சதை தாய்ச்செடியின் திசுவால் ஆனது. கலப்பு நடந்திருப்பது உள்ளே இருக்கும் விதையில்தான். அந்த விதையை நட்டு, புதுச்செடி காய்க்கும்போதே உண்மை வெளிப்படும். குடைமிளகாய் விதைதான் நட்டோம். காயோ காரமாக இருக்கும்!

காரணம், காரம் ஓங்கு பண்பு. காரமின்மை ஒடுங்கு பண்பு. கலப்பின் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் காரமான காய் தரும். அவை தம் மகரந்தத்தாலேயே காய்த்தால், இரண்டாம் தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு செடி காரமற்ற காய் தரும். 1866இல் மெண்டல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் கண்ட அதே 3:1 விகிதம்.

கடை விதை உறையில் ‘எஃப்1’ என்று இருக்கிறதா? அது முதல் தலைமுறைக் கலப்பின விதை. அதன் பழத்திலிருந்து விதை எடுத்தால் செடிகள் ஒரே மாதிரி வளரா. பாட்டி பல ஆண்டுகளாகக் காத்துவந்த நாட்டு மிளகாயும், பக்கத்தில் வேறு ரகம் பூத்தால் ஒரே பருவத்தில் கலந்துவிடலாம்.

காப்பது எளிது. மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு.

1. மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, வாயைத் தளர்வாகக் கட்டுங்கள்.
2. பூ விரிந்ததும் காம்பை மெதுவாகத் தட்டுங்கள், மகரந்தம் உதிரும்.
3. பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் வண்ண நூல் கட்டுங்கள்.
4. நன்றாகப் பழுத்தபின் விதையெடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பிறகு கண்ணைத் தொடாமல் கையைக் கழுவுங்கள்!
5. நம் நாட்டு ஈரக்காற்று விதைக்குப் பகை. இறுக மூடும் புட்டியில் போட்டு, பெயரும் தேதியும் எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மெண்டலும் கலப்பு ஆய்வைத் தொடங்கும் முன், தம் பட்டாணி ரகங்கள் தூயவையா என்று இரண்டு ஆண்டுகள் பயிரிட்டுச் சோதித்தார். நீங்களும் பை கட்டிய பூவின் விதையையும் கட்டாத பூவின் விதையையும் தனித்தனியே நட்டு ஒப்பிடுங்கள். உங்கள் தோட்டத்துத் தேனீக்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பது அடுத்த அறுவடையில் தெரியும்.