ஒலிபெருக்கியின் மின்மறிப்பை வீட்டில் அளத்தல்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் நடத்தும் சங்கங்களிலும் பஜனைக் கூடங்களிலும் பழைய ஒலிபெருக்கிகள் பல இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதானால் லஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ லாமிங்டன் சாலையிலோ அதே அகலமுள்ள வேறொன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தால் நமக்குத் திருப்தி. ஆனால் அந்த எண் ஒரு பெயரளவே அன்றி அளந்து கண்ட மதிப்பு அன்று. அதை நம்பி இரண்டு மூன்றை இணையாகக் கோத்துவிட்டு, விழா நடுவில் ஆம்பிளிஃபயர் சூடேறி ஓய்ந்துபோன பின் வருந்துவோர் உண்டு.

இம்பீடன்ஸ் என்னும் சொல்லை 1886-ஆம் ஆண்டில் ஆலிவர் ஹெவிசைடு வழங்கினார். தமிழில் மின்மறிப்பு என்கிறோம். 8 ஓம் ஸ்பீக்கரின் முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்தால் அநேகமாக 6 ஓமை ஒட்டிக் காட்டும். அது கம்பிச்சுருளின் வெறும் மின்தடை. மாறுமின்சாரம் பாயும்போது கதையே வேறு. கூம்பு இயல்பாக அதிர விரும்பும் தாழ்ந்த சுருதியில் மின்மறிப்பு 30, 60, சிலவற்றில் 100 ஓம் வரையிலும் மலைபோல் எழும்பும். பின் இறங்கி, மேல் சுருதிகளில் சுருளின் தூண்டத்தால் மெல்ல ஏறும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதிப்படி, இவ்வளைவு பெயரளவின் நூற்றுக்கு 80 பங்குக்குக் கீழே, அதாவது 8 ஓமுக்கு 6.4-க்குக் கீழே, எங்கும் இறங்கலாகாது. இறங்குகிறதா இல்லையா என்பதை அளந்தே அறிதல் வேண்டும்.

இதற்குக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டும் ஒரு ரெஸிஸ்டரும் போதும். ஹெட்ஃபோன் வழியே வெளிவரும் ஒலிச்சைகையை 100 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றின் ஊடாக ஸ்பீக்கருக்குச் செலுத்துகிறோம். ரெஸிஸ்டருக்கு முன்னுள்ள மின்னழுத்தத்தை லைன் இன் துளையின் ஒரு பக்கத்திலும், ஸ்பீக்கரின் முனையிலுள்ள மின்னழுத்தத்தை மறுபக்கத்திலும் ஏற்றுகிறோம். இரண்டாவதை, முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் விடை கிடைக்கும். ரூம் ஈக்யூ விஸார்ட் போன்ற மென்பொருள் இதைத் தானே கணித்து வளைவாக வரைந்து தரும்.

வளைவு வரும், அது உண்மையான வளைவா என்பதே கேள்வி. ஆகவே ஸ்பீக்கரைத் தொடுமுன் அதன் இடத்தில் மல்ட்டிமீட்டரால் சரிபார்த்த 10 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றை மாட்டுக. இச்சோதனையைத் தவிர்ப்போர்தாம் பிற்பாடு நெடுநேரம் அலைக்கழிகின்றனர். 10 என்னும் இடத்தில் ஒரு நேர்கோடு கிடந்தால் எல்லாம் சரி. கோடு கூரையைத் தொட ஓடினால் இரு பக்கமும் ஒரே சைகையைப் பெறுகின்றன என்று பொருள். வித்தியாசம் பூஜ்யமாகி வகுத்தல் கெட்டுவிடுகிறது. மடிக்கணினிகளின் ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்குக்கு மட்டும் உரியது, ஒருபக்கச் சைகையையே ஏற்பது. போதாக்குறைக்கு மைக்குக்கு வேண்டிய சிறு மின்னழுத்தத்தையும் அதுவே வெளியே தள்ளும். அதனோடு மல்லுக்கட்டுவதை விட, இரண்டு லைன் துளைகள் கொண்ட யு.எஸ்.பி. சாதனம் ஒன்றை வாங்குவதே மலிவு. கிளிப் கழன்றிருந்தாலும் இதே தோற்றம் தரும். முதலில் அதைப் பாருங்கள்.

10-க்குப் பதில் 110 என்று காட்டி, கட்டக்கோணம் 180 பாகையில் நின்றால் திகைக்க வேண்டாம். இடமும் வலமும் மாறியிருக்கின்றன. கணக்கு அப்போது மின்மறிப்போடு 100-ஐக் கூட்டி எதிர்க்குறியும் இட்டுத் தருகிறது. 10.8, 11 என்று சற்றே பிசகினால், 100 ஓம் ரெஸிஸ்டரின் மெய்யான மதிப்பு வேறாக இருக்கும், அல்லது இரு பக்கங்களின் பெருக்கம் சமமாக இராது. கிளிப்புகளை ஒன்றோடொன்று தொடவிட்டால் 0.3 என்று காட்டுவது கம்பிகளின் தடை, அதைக் கழித்துக்கொள்ளலாம்.

100-க்குப் பதில் 10 ஓம் ரெஸிஸ்டரையே வைத்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்கலாம். 80 ஓம் உயரமுள்ள சிகரத்தில், நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுப் பிழை 10 ஓம் ரெஸிஸ்டரால் ஒன்பது மடங்காகப் பெருகும். 100 ஓம் ரெஸிஸ்டரால் இரண்டு மடங்கைக்கூட எட்டாது.

சைகை போதவில்லையென்று இடையில் ஆம்பிளிஃபயரை நுழைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. இக்காலச் சிறு ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் கழித்தல் முனை பூமியோடு சேர்ந்ததன்று. அதைச் சவுண்ட் கார்டின் பூமிமுனையோடு இணைத்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு இரண்டும் கருகக்கூடும். தகுந்த ஆம்பிளிஃபயராயினும், லைன் இன் ஓரிரு வோல்ட்டுக்காகவே அமைந்ததாதலால், பத்திலொன்றாகக் குறைக்கும் ரெஸிஸ்டர் இணை ஒன்றை முன்னால் வைத்தல் அவசியம்.

வளைவில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் இடங்களில் முட்கள் தோன்றினால் அவை வீட்டு மின்சாரத்தின் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுமுறை அளந்தால் பெரும்பாலும் மறையும். சீரான சிற்றலைகள் தோன்றினால், உள்வரும் ஒலியைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் வசதியும் ஒலியை அழகுபடுத்தும் வசதியும் கம்ப்யூட்டரில் அணைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

மின்விசிறி சுழலும் அறையில் ஸ்பீக்கரே மைக்காக மாறி அந்த அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். மேசைமேல் கவிழ்த்து வைத்தால் அடைபட்ட காற்று சிகரத்தை இடம் பெயர்த்துவிடும். அசையாமல் நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கி ஒன்று வேண்டும்.

பெட்டியில் பொருத்திய பின் ஒரு சிகரத்துக்குப் பதில் இரண்டு தோன்றினால், பெட்டியில் காற்றுக்குழாய் உண்டா என்று பாருங்கள். உண்டெனில் அது குற்றமன்று. இரு சிகரங்களுக்கும் இடையிலுள்ள பள்ளமே குழாயின் சுருதி. குழாயில்லாத மூடிய பெட்டியில் கீழ்ப்பக்கம் சிறு மேடு ஒன்று எழுந்தால், மூட்டுகளில் எங்கோ காற்று கசிகிறது; விளிம்புகளைப் பசையிட்டு அடைத்து மீண்டும் அளக்க வேண்டும்.