மழை பிடித்தால் முறுக்குக்கு என்ன ஆகிறது?

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு வாசகி கேட்டிருந்த கேள்வி இது. பண்டிகையன்று பாட்டி கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும், சமையலறையில் பேரன் முறுக்கைக் கடித்ததும் "யாருடா அது டப்பாவுல கை வைக்கிறது?" என்று குரல் கொடுத்துவிடுவாராம். நாலு நாள் அடைமழைக்குப் பிறகு பேரன் பாதி டப்பாவைக் காலி செய்தும் பாட்டிக்குத் தெரியவில்லை. நமத்துப்போன முறுக்கின் சத்தம் எங்கே போகிறது?

அருமையான கேள்வி. முறுக்கு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இழுத்த ஈரம் உள்ளே போய்ச் செய்கிற வேலையில்தான் சுவாரசியம் இருக்கிறது.

பிழிந்த மாவு கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது போன வழியெல்லாம் நுண்ணிய காற்றறைகள். அந்த அறைகளின் சுவர்களில் ஸ்டார்ச்சின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இருக்கின்றன. நீர் போய், சூடும் ஆறும்போது அவை எப்படிக் கிடந்தனவோ அப்படியே இறுகிவிடுகின்றன. படிகத்தில் இருக்கும் வரிசை ஒழுங்கு இதில் கிடையாது. ஒழுங்கில்லாமல் இறுகிய இந்தத் திட நிலைக்கு இயற்பியலில் கண்ணாடி நிலை என்று பெயர். நல்ல முறுக்கின் சுவர், அந்தப் பொருளில், கண்ணாடியேதான்.

கல்யாண வீட்டுக் கூடத்தில் ராத்திரி படுத்திருக்கும் உறவுக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஜமக்காளத்தில் இடமே இல்லை. ஒருவர் கால் இன்னொருவர் தோளில், யாரும் புரண்டு படுக்க முடியாது. இதுதான் உலர்ந்த ஸ்டார்ச். இப்போது நாலைந்து சின்னக் குழந்தைகள் வந்து இடுக்குகளில் நுழைகிறார்கள். இவர்கள்தான் நீர் மூலக்கூறுகள். குழந்தை இடித்ததும் சித்தப்பா காலை மடக்குகிறார், அந்த இடத்தில் பெரியம்மா கையை நீட்டுகிறார், மூலையில் இருந்தவர் ஒருக்களித்துப் படுக்கிறார். ஆள் கூடியிருக்கிறது, அசைய வழியும் பிறந்திருக்கிறது. முன்பு கூடத்தை ஓரத்திலிருந்து யாராவது நெட்டித் தள்ளியிருந்தால் மொத்தக் கூட்டமும் விறைத்து நின்று, ஏதோ ஓரிடத்தில் சட்டென்று பிளந்திருக்கும். இப்போது தள்ளினால் ஆளாளுக்குக் கொஞ்சம் நகர்ந்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்வார்கள். யாருக்கும் அடிபடாது, கூட்டமும் பிளக்காது.

நமத்தல் என்பது இந்த நகர்தல்தான். முற்றிலும் உலர்ந்த ஸ்டார்ச் கண்ணாடி நிலையை விட்டு இளக 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். நீரோ மைனஸ் 137 டிகிரி வாக்கிலேயே அந்த நிலையை விட்டுவிடும். இரண்டும் கலந்தால் இளகும் வெப்பநிலை கிடுகிடுவென இறங்குகிறது. ஸ்டார்ச்சில் நீர் 20 சதவீதத்தை நெருங்கினால் நம் வீட்டு அறை வெப்பமே அதை இளக்கப் போதும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்ளும். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. முறுக்கு நமக்க 20 சதவீத ஈரம் தேவையே இல்லை. மொறுமொறுப்பான தானியப் பண்டங்களை அளந்து பார்த்தவர்கள், ஈரம் 10 சதவீதத்தைத் தொடுவதற்குள்ளாகவே மொறுமொறுப்பு போய்விடுவதைக் கண்டார்கள். கணக்குப்படி அந்தக் கட்டத்திலும் சுவர் கண்ணாடி நிலையில்தான் இருக்கிறது. அதாவது கூடத்தில் யாரும் இன்னும் எழுந்து நடக்கவில்லை. முழங்கால் மடங்கவும் முழங்கை திரும்பவும் மட்டும் இடம் கிடைத்திருக்கிறது. சங்கிலிகளின் சின்னஞ்சிறு பகுதிகளுக்குக் கிடைத்த அந்த இம்மி அசைவே பல்லின் வேகத்தை உறிஞ்சப் போதுமானது.

இனி சத்தத்துக்கு வருவோம். உலர்ந்த முறுக்கைக் கடிக்கும்போது சுவர் முதலில் வளைந்து சக்தியைச் சேர்த்து வைக்கிறது. பிறகு ஒரு கணத்தில் விரிசல் ஓடுகிறது, அதுவும் நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில். சேர்ந்த சக்தியில் ஒரு பங்கு காற்றை உதறி ஒலியாகிறது. ஒரு கடியில் உடைவது ஒரு சுவர் இல்லை. நூற்றுக்கணக்கான அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குகின்றன. பாட்டியின் காதுக்குப் போய்ச் சேர்வது அந்தச் சிறு வெடிப்புகளின் தொடர்தான். நமத்த முறுக்கிலோ சக்தி சேர்வதற்கு முன்பே சங்கிலிகள் நகர்ந்து அதைக் கரைத்துவிடுகின்றன. சக்தி சேராததால் விரிசலுக்கு வேகம் இல்லை, வேகமில்லாத விரிசலுக்குச் சத்தமும் இல்லை.

பிள்ளைகளுக்கு இது எப்படியோ தெரிந்திருக்கிறது. முறுக்கை வாயில் அடக்கி, உதட்டை மூடி, எச்சிலில் ஊறவைத்து மெதுவாக மெல்லுகிற பையன், நாலு நாள் மழை செய்கிற வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறான். உதட்டை மூடுவதும் வீண் இல்லை. முறுக்குக்கே உரிய கீச்சொலிகளை அது நன்றாக மட்டுப்படுத்தும். தாடை எலும்பு வழியாக அவன் காதுக்கு மட்டும் கொஞ்சம் கேட்கும்.

வரலாறு என்று பார்த்தால், மொறுமொறுப்பு என்பதே பெரும்பாலும் ஒலி சார்ந்தது என்று 1976-இல் ஸேட்டா விக்கர்ஸும் மால்கம் போர்னும் எழுதினார்கள். 1980களில் லூயிஸ் ஸ்லேடும் ஹாரி லெவினும் கண்ணாடி நிலை என்ற கருத்தை உணவுக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே இவ்வளவு போதும்.

இதைவிடப் புகழ்பெற்றது ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் செய்து 2004-இல் வெளியிட்ட சோதனை. சிப்ஸ் கடிப்பவர்களின் காதில் அவர்களுடைய கடி ஒலியையே, கீச்சொலிகளை மட்டும் கூட்டிக் கேட்கவைத்தார்கள். அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். 2008-இல் இதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. நல்ல சோதனைதான். ஆனால் இதை வைத்து "சுவை என்பதே காதில்தான் இருக்கிறது" என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஒலியைக் கூட்டினால் கணிப்பு ஓரளவு மாறுகிறது என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை. நமத்த முறுக்கு பல்லில் ஒட்டுவதை எந்த ஹெட்போனும் மறைக்காது.

ஐப்பசி வந்தால் காணொளிகளில் குறிப்புகளும் குவிகின்றன. டப்பாவில் ஒரு பிடி அரிசி போட்டால் முறுக்கு நமக்காது என்கிறார்கள். வீட்டு அரிசியில் 12, 13 சதவீதம் நீர் இருக்கிறது. மூடிய டப்பாவில் அது காற்றின் ஈரப்பதத்தை ஏறக்குறைய 60 சதவீதத்தில் நிறுத்தும். இந்த வகைப் பண்டங்கள் 40, 50 சதவீதத்திலேயே மொறுமொறுப்பை இழக்கத் தொடங்குகின்றன. வறுக்காத அரிசியால் அங்கே பயன் இல்லை. நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி என்றால் கொஞ்சம் உதவும். உப்புப் பொட்டலத்தின் கதையும் இதுதான். தூய உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல்தான் நீரை வாங்கத் தொடங்கும், அதற்குள் முறுக்கு முழுதும் நமத்திருக்கும். கல் உப்பு முன்னதாகவே கசிவது அதிலுள்ள மக்னீசியம் குளோரைடால். ஆனால் அதன் அளவு சொற்பம்.

பலன் தருவது சின்னச் சின்ன டப்பாக்கள். பெரிய தூக்கு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மழைக்காற்று மொத்த முறுக்கின் மேலும் படுகிறது. பிரித்து வைத்தால் ஒரு டப்பா நமக்கும், மற்றவை பிழைக்கும்.

நமத்ததை மீட்கவும் வழி உண்டு. வாணலியைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் முறுக்கைப் போட்டுப் புரட்டினால் நுழைந்த நீர் வெளியேறிவிடும். சூடாக இருக்கும்போதே கடித்துப் பார்த்து "இன்னும் சரியாகலை" என்று மறுபடி அடுப்பில் வைக்க வேண்டாம், கருகித்தான் போகும். சூட்டில் சங்கிலிகளுக்கு இன்னும் அசைவு இருக்கும், ஆறினால்தான் சுவர் இறுகும். தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, ஆவி அடங்கிய பிறகு டப்பாவை மூடுங்கள்.