பழைய வண்டியில் பவர் ஸ்டியரிங் கனப்பது ஏன்?

நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப் பழைய காரையோ ஜீப்பையோ நம்பியிருக்கும் கிராமங்கள் பல. அதன் ஸ்டியரிங் கனத்தால் உடனே பம்பை மாற்ற வேண்டியதில்லை. எளிய சோதனைகளை முதலில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முன் டயர்களில் காற்று குறைந்தாலே ஸ்டியரிங் கனக்கும். அது சரியாயிருப்பின், பவர் ஸ்டியரிங் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். எண்ணெய் தானாக வற்றுவதில்லை; குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. வண்டிக்கென விதிக்கப்பட்ட எண்ணெயையே ஊற்றுதல் அவசியம். பிரேக் எண்ணெய் ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெடும்.

திருப்பும்போது கீச்சொலி கேட்டால் பம்பை ஓட்டும் பெல்ட் தளர்ந்திருக்கலாம். எண்ணெய் நுரைத்துப் பம்பு முனகினால், உள்ளே காற்று புகுந்துள்ளது. ஒழுக்கை அடைத்தபின், முன் சக்கரங்களை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை இருபுறமும் பலமுறை மெல்லத் திருப்புக. குறையும் எண்ணெயை நிரப்பிவரின் காற்று வெளியேறும். அப்பொழுதும் குறை தீராவிடில் மெக்கானிக்கிடம் காட்டுதல் நலம்.

எஞ்சின் ஓடினால்தான் இப்பம்பு இயங்கும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தினால், ஸ்டியரிங் கனத்து வண்டி நம் வசம் தவறக்கூடும். சிக்கனம் நன்றே, உயிரினும் பெரிதன்று.