உருக்கின் உள்ளமைப்பும் உழைப்பின் கருவியும்

ஒரு பொருள் எவற்றால் ஆனது என்று அறிவது அப்பொருளின் இயல்பை முற்றாக அறிவதாகாது. அதன் கூறுகள் எவ்வாறு ஒழுங்கமைந்துள்ளன, அவ்வொழுங்கு எச்செய்முறையின் விளைவாகத் தோன்றியது என்பனவும் அறியப்படவேண்டும். ஒரே அளவு காபன் கொண்ட உருக்கினாற் செய்த மூன்று கத்திகளுள் ஒன்று வளைகிறது, ஒன்று ஒடிகிறது, ஒன்று நெடுங்காலம் உழைக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை இலக்கியம், வரலாறு முதலிய துறைகளைச் சார்ந்த வாசகருக்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குண்டசாலையைச் சூழ்ந்த கண்டிப் பிரதேசம் இதற்கு இரு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. ஒன்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் கவ்வாத்துக் கத்தி. மற்றையது, மகாவலியின் நீர்மின் நிலையங்களிற் சுழலும் சுழலிச் சக்கரம். பொல்கொல்லையைக் கடந்து குண்டசாலையை ஒட்டிச் செல்லும் ஆறு, 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்தை அடைகிறது. கத்திக்குக் கூர்மை நிலைக்கவேண்டும். சக்கரம் ஓடும் நீரின் தாக்கத்தையும் அரிப்பையும் தாங்கவேண்டும். இத்தகைய தேவைகளை நிறைவேற்றுவதில் மாட்டென்சைற்று என்னும் நுண்ணமைப்புக்கு முதன்மையான இடமுண்டு.

செங்கனலாகக் காய்ச்சிய உருக்கில் இரும்பணுக்களின் இடையே காபன் அணுக்கள் கரைந்திருக்கின்றன. இந்நிலை ஒசுத்தெனைற்று எனப்படும். இதனை மெல்லக் குளிரவிட்டாற் காபன் பிரிந்து இரும்புக் காபைட்டாக மெல்லிய படைகளில் அமைகிறது, உருக்கு மென்மையாகிறது. நீரிலோ எண்ணெயிலோ சடுதியாகத் தோய்த்தாற் காபன் பிரிந்து செல்ல அவகாசமில்லை. அது பளிங்கமைப்பினுள் அகப்பட்டு, அவ்வமைப்பை ஒரு திசையில் நீட்டி விகாரப்படுத்துகிறது. இவ்வாறு தோன்றுவதே மாட்டென்சைற்று. ஜேர்மனிய அறிஞர் அடோல்ப் மாட்டென்சின் (1850–1914) பெயரால் அது வழங்குகிறது. நூற்றுக்கு 0.8 பங்கு காபனுள்ள உருக்கின் வன்மை இதனால் ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்கிறது. கொல்லர் தோய்ச்சல் என்று கூறுவது இச்செயலையே.

ஆயின் வன்மை மிகுந்த உருக்கு எளிதில் நொறுங்கும். காபன் குறைந்தவிடத்து மாட்டென்சைற்று நுண்ணிய கீற்றுகளாகக் கட்டுக்கட்டாக அமைகிறது. காபன் மிகுந்தவிடத்துத் தட்டுகளாக அமைகிறது. தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் நுண்வெடிப்புகள் தோன்றலாம். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் ஒசுத்தெனைற்று மணிகள் பருக்கின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் கீற்றுக்கட்டுகளும் பருத்து, உருக்கு வலிமை குன்றுகிறது. எனவேதான் தோய்த்த உருக்கை மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகின்றனர். அகப்பட்டிருந்த காபனில் ஒரு பகுதி நுண்ணிய காபைட்டாக வெளிப்பட, உள்ளிறுக்கம் தளர்கிறது. தீட்டிய பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றுவது ஏறத்தாழ 220 பாகை செல்சியசு வெப்பத்தையும், நீலம் தோன்றுவது ஏறத்தாழ 300 பாகையையும் காட்டும். வெப்பமானி தோன்றுமுன் கொல்லர் இந்நிறங்களைக் கொண்டே பதத்தை அறிந்தனர்.

தேய்வைப் பொறுத்தும் வன்மையே முதற் காரணியாகும். மாட்டென்சைற்றினுள் பரவியிருக்கும் கடினமான காபைட்டுத் துணிக்கைகள் உராய்வை எதிர்க்கின்றன. ஆனால் அவை பருத்தும் சீரற்றும் இருந்தால் வெட்டுமுனையிலிருந்து பெயர்ந்து விழுந்து, கூர்மையைக் கெடுக்கின்றன. மழுங்கிய கவ்வாத்துக் கத்தி தேயிலைக் கிளையைச் சீராக வெட்டாது கிழிக்கிறது. கிழிந்த காயத்தின் வழியே நோய் புகுகிறது. செடிக் கணக்கில் அளக்கப்படும் வேலையில், கத்தியின் குறையைத் தொழிலாளி தன் தோள்வலியால் ஈடுசெய்ய நேர்கிறது.

அரிப்பின்கண் முரண்பாடு மேலும் கூர்மையடைகிறது. 1913 இல் செபீல்ட் நகரில் ஹரி பிரயர்லி, துப்பாக்கிக் குழல்களுக்கேற்ற உருக்கைத் தேடுகையில், நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கொண்ட உருக்கு அமிலத்தால் எளிதில் தாக்கப்படாமையைக் கண்டார். பரப்பில் உருவாகும் மிக மெல்லிய குரோமிய ஒட்சைட்டுப் படலமே அதனைக் கறளிலிருந்து காக்கிறது. ஆனால் குரோமியம் இரும்பிற் கரைந்திருந்தாலன்றி இக்காப்பு நிலைக்காது. வன்மைக்காகச் சேர்க்கப்படும் காபன் குரோமியத்தைக் கவர்ந்து காபைட்டாக்குகிறது. குறிப்பாக 500 பாகையை அண்டிப் பதப்படுத்தும்போது காபைட்டுகளைச் சுற்றிக் குரோமியம் வறிய வலயங்கள் உண்டாகின்றன. அரிப்பு அவ்விடங்களிலேயே தொடங்குகிறது. கூர்மையைத் தரும் அதே காபன் கறளுக்கும் வழிதிறக்கிறது.

நீர்மின் சுழலிகளுக்குப் பெரிதும் பயன்படும் உருக்கு இம்முரண்பாட்டைப் பிறிதொரு வழியிற் கையாள்கிறது. அதில் காபன் நூற்றுக்கு 0.06 பங்குக்கு மேற்படுவதில்லை. குரோமியம் ஏறத்தாழ 13 பங்கு, நிக்கல் ஏறத்தாழ 4 பங்கு. காபன் குறைந்தவிடத்தும் மாட்டென்சைற்று முழுமையாக உருவாக நிக்கல் துணைசெய்கிறது. 600 பாகையளவிற் பதப்படுத்தும்போது கீற்றுகளுக்கிடையே நுண்ணிய ஒசுத்தெனைற்று மீளத் தோன்றி வெடிப்புப் பரவலைத் தடுக்கிறது. வன்மையில் ஒரு பகுதி இதனால் இழக்கப்படுகிறது. ஆகவே மழைக்காலத்து மணல் கலந்த நீரும், நீரினுள் தோன்றி உடையும் ஆவிக்குமிழிகளும் இச்சக்கரங்களையும் காலப்போக்கில் தேய்க்கவே செய்கின்றன.

இவ்வறிவின் ஒரு பகுதி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1912 இல் ரொபேட் ஹட்பீல்ட் ஆராய்ந்த பழைய சீகிரிய உளியில், காபன் ஊட்டித் தோய்ச்சல் இட்டதற்கான அடையாளங்கள் காணப்பட்டன. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலில், களிமண் மூசையில் இரும்பையும் மரத்துண்டுகளையும் அடைத்து உருக்கு ஆக்கிய முறையைப் பதிவுசெய்தார். அதனைச் செய்துகாட்ட முதியோர் சிலரே அப்போது எஞ்சியிருந்தனர். மலிவான இறக்குமதி இரும்பு உள்ளூர் உலைகளை அணைத்தபோது, நிறத்தாலும் ஒலியாலும் பதமறிந்த ஓர் அறிவு மரபும் அறுபட்டது. அது சாதித்தொழிலாக ஒதுக்கப்பட்டிருந்தமையால் ஏட்டுக் கல்வியினுள் இடம்பெறவில்லை. ஆகவே அதன் மறைவும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

உருக்கின் நுண்ணமைப்பு அதன்மீது நிகழ்ந்த உழைப்பின் பதிவேயாகும். காய்ச்சிய வெப்பம், தோய்த்த விரைவு, பதப்படுத்திய நேரம் ஆகிய யாவும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. வலிமை, தேய்வு, அரிப்பு என்னும் மூன்றுள் ஒன்றை உயர்த்த மற்றொன்றில் விட்டுக்கொடுக்க நேர்வதால், எதனை விட்டுக்கொடுப்பது என்ற தெரிவு தவிர்க்கவொண்ணாதது. விலை குறைந்த கத்தியை வாங்குவோர் ஒருவராகவும் அதனைக் கொண்டு வெட்டுவோர் வேறொருவராகவும் இருக்கும்வரை, அத்தெரிவின் சுமை வெட்டுபவரையே சாரும். கருவியைக் கையாள்வோர் அதன் தெரிவிலும் பங்குகொள்ள வேண்டுமெனின், ஆய்வுகூட அறிவு அவர்தம் மொழியில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழாய்வு ஆற்றவேண்டிய பணிகளுள் இதுவும் ஒன்று என்பதே எமது துணிபு.